டோங்கின் வளைகுடா: நடக்காத தாக்குதலுக்கு 504 ஓட்டுகள். காங்கிரஸ் ஏமாந்ததா, ஒதுங்கிக்கொண்டதா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அமெரிக்க அரசியல் சட்டப்படி போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு, அதாவது பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு. படைகளின் தலைமைத் தளபதி அதிபர். எழுத்தில் இவ்வளவுதான். ஆனால் காங்கிரஸ் கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. அதற்கப்புறம் கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான், இராக் என்று எத்தனையோ நடந்துவிட்டது, ஒன்றுக்கும் போர் அறிவிப்பு கிடையாது. இது எங்கே முற்றியது என்று தேடப் போனால் எல்லாரும் 1964 ஆகஸ்டைக் காட்டுகிறார்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆகஸ்ட் 2 அன்று கம்யூனிஸ்ட் வடவியட்நாமின் கரைக்கு அப்பால், டோங்கின் வளைகுடாவில் உளவுத் தகவல் திரட்டிக்கொண்டிருந்த மேடாக்ஸ் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலை வடவியட்நாமின் மூன்று டார்பிடோ படகுகள் தாக்கின. டார்பிடோ எதுவும் படவில்லை. கப்பலில் இருந்தது ஒரே ஒரு இயந்திரத் துப்பாக்கிக் குண்டின் தடம். 4-ம் தேதி இரவு, மேடாக்ஸும் துணைக்கு வந்த டர்னர் ஜாயும் மறுபடி தாக்கப்படுவதாகச் செய்தி அனுப்பின. அதிபர் ஜான்சன் உடனே பதிலடிக்கு உத்தரவிட்டு, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் தோன்றி மக்களுக்குச் சொன்னார். 7-ம் தேதி காங்கிரஸில், படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தரும் தீர்மானம். பிரதிநிதிகள் சபையில் 416-0, செனட்டில் 88-2. அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை.

504 பேர் கை தூக்கியிருக்கிறார்கள். இத்தனை பேரையும் ஒரு மனிதர் ஏமாற்றினாரா? இல்லை, முடிவெடுக்கும் பாரம் தங்கள் தலைக்கு வராமல் இருந்தால் போதும் என்று அவர்களே நினைத்தார்களா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. படித்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைமேடு எழுதியது:

இதில் என்ன சந்தேகம், பச்சைப் பொய். பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா 6-ம் தேதி செனட் குழு முன்னால் உட்கார்ந்து, தென்வியட்நாம் ஏதாவது நடவடிக்கை எடுத்திருந்தால் அதில் எங்கள் கடற்படைக்குத் தொடர்பே இல்லை, எதுவும் தெரியவும் தெரியாது என்று சாதித்தார். ஆனால் ஜூலை 30 நள்ளிரவு தாண்டி ஹோன் மே, ஹோன் ங்கூ தீவுகளைத் தாக்கிய தென்வியட்நாம் படகுகள் யார் கொடுத்தவை? 34ஏ என்ற ரகசியத் திட்டத்தை நடத்தியது யார்? வாஷிங்டன்தான். அந்தத் தாக்குதல் முடிந்த சூட்டில் அதே கடல் பக்கம் மேடாக்ஸ் போய் நின்றால் எதிராளி என்ன நினைப்பான்? இவ்வளவும் மறைத்துவிட்டு "காரணமே இல்லாமல் எங்களை அடித்தார்கள்" என்று ஓட்டுக் கேட்டிருக்கிறார்கள். மறைத்துக் கேட்டு வாங்கிய சம்மதம் சம்மதமா?

எட்டயபுரத்தான் எழுதியது:

கோட்டைமேடு தம்பி சொல்வதில் 34ஏ பகுதி முழுக்க உண்மை. 4-ம் தேதி விஷயம் மட்டும் கொஞ்சம் சிக்கலானது.

அன்றிரவு இருட்டு, மோசமான வானிலை. நீருக்கடியில் ஒலியைக் கேட்கும் சோனார் கருவிக்காரர்கள் டார்பிடோ சத்தம் கேட்கிறது என்று கத்திக்கொண்டே இருந்தார்கள், கப்பல்கள் வளைந்து வளைந்து ஓடிச் சுட்டன. எல்லாம் அடங்கியபிறகு இரு கப்பல்களுக்கும் பொறுப்பான கேப்டன் ஹெரிக்குக்கே சந்தேகம் வந்துவிட்டது. விசித்திரமான வானிலையாலும் சோனார்காரர்களின் அதீத ஆர்வத்தாலும் பல செய்திகள் தவறாகிப் போயிருக்கலாம், கண்ணால் எதையும் பார்க்கவில்லை, மேற்கொண்டு எதுவும் செய்யும் முன் முழுசாக ஆராயுங்கள் என்று செய்தி அனுப்பினார். மேலே வட்டமடித்த விமானி ஸ்டாக்டேல், பின்னால் அட்மிரல் ஆனவர், கடலில் ஒரு படகையும் பார்க்கவில்லை என்றே கடைசிவரை சொன்னார்.

வாஷிங்டனில் அதற்குள் சக்கரம் சுழன்றுவிட்டது. ஒட்டுக்கேட்ட வடவியட்நாம் செய்திகளைக் காட்டித் தாக்குதல் உறுதி என்றார்கள். அந்த ஒட்டுக்கேட்புகளை, அமெரிக்காவின் ஒட்டுக்கேட்பு உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ.வின் சொந்த வரலாற்றாளர் ஹான்யாக் பல வருடம் கழித்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தாக்குதலுக்குச் சாதகமாகத் தெரிந்தவை மட்டும் மேலே போயிருக்கின்றன, பெரும்பகுதி போகவே இல்லை என்பது அவர் முடிவு. அந்தக் கட்டுரை வெளியே வந்தது 2005-ல். 1995-ல் மக்னமாராவே ஹனோய்க்குப் போய், போரின்போது வடவியட்நாம் படைத் தலைவராக இருந்த ஜெனரல் ஜியாப்பிடம் கேட்டார். 4-ம் தேதி ஒன்றும் நடக்கவில்லை என்றார் ஜியாப்.

ஆக, ஜான்சன் உட்கார்ந்து கதை கட்டினார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு வேண்டிய செய்தி கையில் வந்தது, அதைச் சோதித்துப் பார்க்க அவருக்கு மனசில்லை. மூன்று மாதத்தில் தேர்தல், எதிரில் குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டர் "இந்த ஆள் கம்யூனிஸ்டுகளிடம் மென்மையானவர்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னொன்று, காங்கிரஸிடம் இப்படி ஒரு தீர்மானம் வாங்க வேண்டும் என்று அந்த வருடம் கோடைக்கு முன்பே வரைவு எழுதி வைத்திருந்தார்கள். தேவைப்பட்டது ஒரு சந்தர்ப்பம் மட்டும்தான்.

ராஜி_மதுரை எழுதியது:

வரைவு முதலில், தாக்குதல் பிறகு. நல்ல திட்டமிடல்தான் :)

சட்டப்புத்தகம் எழுதியது:

வெண்ணாற்றங்கரை கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஏமாந்தார்களா என்று பார்க்க, தீர்மானத்தின் வாசகத்தையும் செனட் விவாதத்தையும் படித்தாலே போதும்.

அமெரிக்கப் படைகள் மீது நடக்கும் எந்தத் தாக்குதலையும் முறியடிக்கவும், "மேற்கொண்டு ஆக்கிரமிப்பு நடக்காமல் தடுக்கவும்" அதிபர் தேவையான எல்லா நடவடிக்கையும் எடுக்கலாம் என்கிறது தீர்மானம். முதல் பாதி 4-ம் தேதிக்கான பதிலடி. இரண்டாம் பாதிக்கு எல்லையே கிடையாது. எந்த நாட்டில், எத்தனை படை, எவ்வளவு காலம் என்று எதுவும் இல்லை. ஆபத்து நீங்கியது என்று அதிபர் முடிவு செய்யும்போதோ காங்கிரஸ் ரத்து செய்யும்போதோ காலாவதி. பாட்டியின் இரவு உடை மாதிரி, எல்லாவற்றையும் மூடிவிடும் என்று ஜான்சன் இதைப் பற்றிச் சொன்னதாகச் சொல்வார்கள்.

இப்போது செனட்டுக்குள் வாருங்கள். கென்டக்கி செனட்டர் கூப்பர் எழுந்து, தீர்மானத்தைக் கொண்டுவந்த ஃபுல்பிரைட்டிடம் நேராகவே கேட்டார்: போருக்கே இட்டுச் செல்லக்கூடிய பலத்தைப் பயன்படுத்த அதிபர் முடிவெடுத்தால், அந்த அதிகாரத்தையும் இப்போதே கொடுத்துவிடுகிறோமா? நான் அப்படித்தான் பொருள் கொள்கிறேன் என்றார் ஃபுல்பிரைட். விஸ்கான்சினின் நெல்சன், போரை விரிவாக்குவது நம் நோக்கமில்லை என்று ஒரு திருத்தம் சேர்க்கலாமே என்றார். திருத்தினால் மறுபடி பிரதிநிதிகள் சபைக்குப் போக வேண்டும், காலதாமதம் ஆகும் என்று தடுத்துவிட்டார்கள். அந்தச் சபை எடுத்துக்கொண்ட விவாத நேரம் சுமார் 40 நிமிடம்.

ஆகஸ்ட் 4-ல் என்ன நடந்தது என்பதில் ஏமாந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். எதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம் என்பதில் அவர்களை யாரும் ஏமாற்றவில்லை. கூப்பர் கேட்ட கேள்வி அவைக்குறிப்பில் இருக்கிறது. கேட்டுவிட்டு அவரும் ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டார்.

எதிர்த்த இருவர் ஆரிகனின் வேய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் குரூனிங். அதே தகவல்தான் அவர்களுக்கும் கிடைத்தது. கூடுதலாக மோர்ஸுக்கு, கப்பல்களின் பயணக் குறிப்பைக் கேட்டுப் பார் என்று பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனிலிருந்து யாரோ ரகசியமாகச் சொல்லியிருந்தார்கள்.

கோட்டைமேடு எழுதியது:

சார், கப்பல் தாக்கப்பட்டது என்று அதிபரே தொலைக்காட்சியில் சொன்னபிறகு எந்த எம்.பி. எதிர்த்து ஓட்டுப் போடுவார்? எதிர்த்த அந்த இரண்டு பேரும் 1968 தேர்தலில் பதவி இழந்தார்கள், அதையும் சேர்த்து எழுதுங்கள்.

சட்டப்புத்தகம் எழுதியது:

எழுதலாமே. தேர்தலில் தோற்றுவிடுவோம் என்று பயந்து ஓட்டுப் போட்டார்கள் என்றால் அதற்குப் பெயர் ஏமாந்தது இல்லை. வெண்ணாற்றங்கரை சொன்ன இரண்டாவது வகைதான்.

எட்டயபுரத்தான் எழுதியது:

எல்லாரும் 1964-லேயே நிற்கிறீர்கள். எனக்கு 1965-தான் பயங்கரம். போர் உண்மையில் பெருத்தது அந்த வருடத்தில். அதற்குத் தனியாக ஒரு விவாதமும் இல்லை.

தேர்தல் பிரசாரத்தில், ஆசியப் பையன்கள் செய்யவேண்டிய வேலைக்கு அமெரிக்கப் பையன்களை அனுப்பமாட்டேன் என்றார் ஜான்சன். 44 மாநிலங்களில் ஜெயித்தார். 1964 முடிவில் வியட்நாமில் சுமார் 23,000 அமெரிக்க வீரர்கள், பேருக்கு "ஆலோசகர்கள்". 1965 பிப்ரவரி 7-ல் தென்வியட்நாமின் பிளைக்கூவில் இருந்த அமெரிக்க முகாம் மீது தாக்குதல். அதற்குப் பதிலடியாக வடக்கில் குண்டுவீச்சு. பதிலடி என்று தொடங்கியது மார்ச் 2-ல் ரோலிங் தண்டர் என்ற தொடர் குண்டுவீச்சாக மாறியது. குண்டு போட விமானம் வேண்டும், விமானத்துக்குத் தளம் வேண்டும், தளத்துக்குக் காவல் வேண்டும். மார்ச் 8-ல் 3,500 மரைன்கள் டா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். வேலை, விமானதளத்தைக் காப்பது.

காவலுக்கு வந்தவர்கள் எத்தனை நாள் வேலிக்குள்ளேயே இருப்பார்கள்? ஏப்ரல் 6-ல் ஒரு ரகசிய உத்தரவு, எண் 328. மரைன்கள் இனி வெளியே போய்ப் போரிடலாம் என்று அதில் இருந்தது. கூடவே, இது முன்கூட்டி வெளியே தெரியாமல் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுக்க வேண்டும், இது கொள்கை மாற்றமாகத் தோன்றக் கூடாது என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு நாட்டின் தரைப்படை போரில் இறங்குகிறது, அந்த முடிவை அந்த நாட்டின் நாடாளுமன்றத்துக்கே தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்! இதைப் படித்தபோது எனக்கு டோங்கின் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

ஜூலை 28-ல் பகல் நேரப் பத்திரிகையாளர் சந்திப்பில் 75,000 படை 125,000 ஆகும், தேவைப்பட்டால் இன்னும் அனுப்புவோம் என்று ஜான்சன் அறிவித்தார். வருட முடிவில் 184,000. 1969 ஏப்ரலில் உச்சம், 543,000. செத்த அமெரிக்கர்கள் 58,000-க்கும் மேல். வியட்நாமியர்கள் லட்சக்கணக்கில், அந்தக் கணக்கு இன்னும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை.

இத்தனை படியிலும் காங்கிரஸைக் கேட்டது பணத்துக்கு மட்டும்தான். 1965 மே மாதம் 700 மில்லியன் டாலர். எனக்குப் பணம் அவசரமில்லை, இதற்கு ஓட்டுப் போடும் ஒவ்வொருவரும் என் வியட்நாம் கொள்கைக்கு ஓட்டுப் போடுகிறார் என்று ஜான்சன் வெளிப்படையாகவே சொல்லிக் கேட்டார். இரண்டே நாளில் 408-7, 88-3. தந்திரம் தெரிந்த மனிதர். பின்னால் வழக்குப் போட்டவர்களிடம் நீதிமன்றம் என்ன சொன்னது என்று சட்டப்புத்தகம் சொல்லட்டும்.

சட்டப்புத்தகம் எழுதியது:

ஐயா சொல்வது ஆர்லாண்டோ எதிர் லேர்ட் வழக்கு, 1971. போர் அறிவிக்காமல் என்னை வியட்நாமுக்கு அனுப்பமுடியாது என்று ராணுவ வீரர் ஒருவர் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காங்கிரஸ் டோங்கின் தீர்மானம் போட்டது, அதோடு வருடாவருடம் போருக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது, கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டத்தை நீட்டித்திருக்கிறது, இதுவே காங்கிரஸின் சம்மதம் என்றது. உச்ச நீதிமன்றம் இந்த வகை வழக்குகளை விசாரணைக்கே எடுக்கவில்லை.

அதே வருடம் ஜனவரியில் டோங்கின் தீர்மானத்தைக் காங்கிரஸ் ரத்து செய்தது. அப்போதைய அதிபர் நிக்சனும் கையெழுத்துப் போட்டார். எனக்கு அந்தத் தீர்மானமே தேவையில்லை, களத்தில் இருக்கும் வீரர்களைக் காப்பாற்றத் தளபதி என்ற அதிகாரமே போதும் என்றார். தீர்மானம் போனபிறகும் இரண்டு வருடம் போர் நடந்தது.

நாகூர்ப்பையன் எழுதியது:

எல்லாரும் அதிபரையே திட்டுகிறீர்கள். எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. 1787-ல் சட்டம் எழுதியபோது காங்கிரஸ் "போர் நடத்தும்" என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். மேடிசனும் கெர்ரியும் சேர்ந்து அதைப் "போர் அறிவிக்கும்" என்று மாற்றினார்கள், திடீர்த் தாக்குதலை முறியடிக்க அதிபருக்குக் கை கட்டப்பட்டிருக்கக் கூடாது என்பதற்காக. 1962-ல் கியூபாவில் ஏவுகணை வந்தபோது காங்கிரஸின் 537 பேரை உட்காரவைத்து விவாதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொரியாவில் 1950-ல் அதிபர் ட்ரூமன் காத்திருந்திருந்தால் சியோல் மட்டுமில்லை, பூசானும் போயிருக்கும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

திடீர்த் தாக்குதல் வாதம் முதல் வாரத்துக்குச் சரி. கொரியப் போர் மூன்று வருடம் நடந்தது நண்பரே. ஜூலையில், ஆகஸ்டில், எப்போது வேண்டுமானாலும் காங்கிரஸிடம் போயிருக்கலாம். ட்ரூமன் போகவில்லை. ஐ.நா. பாதுகாப்பு சபைத் தீர்மானத்தைக் காட்டி, இது போர் இல்லை, போலீஸ் நடவடிக்கை என்றார். அந்தப் "போலீஸ் நடவடிக்கையில்" முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள். ஐ.நா.விலேயே அது நிறைவேறியதற்குக் காரணம், சீனாவின் இடம் தொடர்பான சண்டையில் சோவியத் பிரதிநிதி கூட்டத்துக்கு வராமல் இருந்தது. வந்திருந்தால் வீட்டோ.

அப்போதும் காங்கிரஸில் பெரும்பாலோருக்கு மகிழ்ச்சிதான். ஓட்டுப் போடச் சொல்லவில்லையே!

கண்டிரோடு எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1987 ஜூலை 29 கொழும்பில் ஒப்பந்தம், அடுத்த நாளே இந்திய அமைதிப்படை எங்கள் ஊர்களில் வந்திறங்கியது. அக்டோபரில் புலிகளோடு போர் தொடங்கிவிட்டது. அமைதி காக்க வந்த படை எழுபதாயிரத்துக்கும் மேலாகப் பெருத்ததற்கு டெல்லி நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்ததா? இந்திய அரசியல் சட்டத்தில் அப்படிக் கேட்கவேண்டும் என்றே எங்கும் இல்லை. டா நாங்கில் காவலுக்கு வந்த கதையை வாசிக்கையில் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

எட்டயபுரத்தான் எழுதியது:

ஒப்பீடு பொருத்தமானதுதான் ஐயா. 1989 கடைசியில் டெல்லியில் ஆட்சி மாறி, 1990 மார்ச்சில்தான் படை முழுசாகத் திரும்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜவான்கள் திரும்பவில்லை, அங்கே செத்த பொதுமக்கள் தனி. அமெரிக்காவில் மீறப்படுவதற்காவது ஒரு விதி இருக்கிறது, நம்மிடம் அதுவும் இல்லை. இதற்குத் தனி இழை தொடங்குங்கள், வந்து எழுதுகிறேன்.

ராஜி_மதுரை எழுதியது:

அதிபரின் போர் அதிகாரத்துக்கு எல்லை போட்ட 1973 சட்டம் பற்றி யாருமே பேசவில்லையே. 60 நாள் கெடு இருக்கிறதே, அது என்ன ஆயிற்று?

சட்டப்புத்தகம் எழுதியது:

நிக்சன் வீட்டோ செய்ததை மீறி 1973 நவம்பர் 7-ல் 284-135, 75-18 என்ற கணக்கில் நிறைவேற்றினார்கள். படையைச் சண்டையில் இறக்கினால் 48 மணி நேரத்தில் காங்கிரஸுக்கு அறிக்கை, அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும், பத்திரமாகத் திரும்ப இன்னும் 30 நாள்.

இந்தச் சட்டம் வரப் பாடுபட்டவர்களில் ஒருவர் மிசூரி செனட்டர் ஈகிள்டன். கடைசி வடிவத்தைப் பார்த்துவிட்டு அவரே எதிர்த்து ஓட்டுப் போட்டார். காரணம், அதிபருக்கு இதுவரை இல்லாத 60 நாள் போரை நாமே எழுதிக் கொடுக்கிறோம் என்பது. இன்று பார்த்தால் அவர் சொன்னதுதான் நடந்திருக்கிறது. கிரெனடா, பனாமா படையெடுப்புகள் எல்லாம் அதற்குள்ளேயே முடிந்தன.

முடியாதவற்றுக்கும் வழி கண்டுபிடித்தார்கள். 2011 மார்ச் 19-ல் லிபியா மீது குண்டுவீச்சு தொடங்கியது, மே 20-ல் 60 நாள் முடிந்தது. அமெரிக்கத் தரைப்படை இல்லை, நம் ஆட்களுக்குச் சேதமில்லை, ஆகவே சட்டம் சொல்லும் "சண்டை" இதுவல்ல என்று ஒபாமா அரசின் வெளியுறவுத்துறைச் சட்ட ஆலோசகர் ஹரால்ட் கோ செனட் குழுவில் வாதாடினார். கீழே குண்டு வாங்கியவர்களைக் கேட்டிருக்கலாம். இப்படிப் பார்த்தால், தூரத்திலிருந்து அடிக்க முடிந்த எந்தப் போருக்கும் கெடு கிடையாது.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

லிபியாவில் எனக்கு அதைவிடச் சுவையான விஷயம் 2011 ஜூன் 24. ஒரே நாளில் பிரதிநிதிகள் சபை இரண்டு ஓட்டு எடுத்தது. போருக்கு அனுமதி தரலாமா? 123-295, தோல்வி. சரி, பணத்தைக் கட்டுப்படுத்தலாமா? 180-238, அதுவும் தோல்வி. 1999 ஏப்ரலில் கொசோவோவுக்கும் இதே கதை. போர் அறிவிப்பதை 427-2 என்று தள்ளினார்கள். படையைத் திரும்பப் பெறுவதை 290-139 என்று தள்ளினார்கள். விமானத் தாக்குதலுக்கு ஆதரவுத் தீர்மானம் 213-213, சமநிலை என்பதால் தோல்வி. அடுத்த மாதம் போருக்குக் கேட்ட பணத்தைக் கொடுத்தார்கள்!

ஜெயித்தால் நாங்களும் கூட இருந்தோம், தோற்றால் அப்போதே சொன்னோமே. இதற்குத்தான் நான் ஒதுங்கிக்கொள்வது என்றேன்.

கோட்டைமேடு எழுதியது:

2025 ஜூன் 22-ல் ஈரானின் அணு நிலையங்கள் இருக்கும் ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் மீது குண்டு போட்டார்கள். எந்த அனுமதியும் இல்லை. அதே வாரம் ஈரான் மீது மேற்கொண்டு தாக்கக் காங்கிரஸ் அனுமதி வேண்டும் என்ற செனட்டர் டிம் கெய்னின் தீர்மானம் செனட்டில் 47-53 என்று தோற்றது. ஜெயித்திருந்தாலும் என்ன? 2019-ல் ஏமன், 2020-ல் ஈரான், இரண்டு தீர்மானமும் இரண்டு சபையிலும் ஜெயித்தன. டிரம்ப் வீட்டோ செய்தார், மீற மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. ஆக, போரைத் தொடங்க ஒரு ஆள் போதும், நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். காங்கிரஸைக் குறை சொல்வதை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் பாருங்கள்.

சட்டப்புத்தகம் எழுதியது:

இந்தப் புள்ளி வலுவானது. 1973 சட்டத்தில் வீட்டோவுக்கு இடமில்லாத ஒரு வழி வைத்திருந்தார்கள், இரு சபைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் தீர்மானம் போட்டாலே படை திரும்பவேண்டும் என்று. 1983-ல் சத்தா என்ற குடியேற்ற வழக்கில், அதிபர் கையெழுத்துக்குப் போகாத தீர்மானத்துக்குச் சட்ட வலு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்த வழி அடைபட்டது. அதோடு மிஞ்சியது நிதி மட்டும்தான்.

நாகூர்ப்பையன் எழுதியது:

நிதியை நிறுத்திப் போரை நிறுத்திய காலம் என்று ஒன்று உண்டா?

எட்டயபுரத்தான் எழுதியது:

உண்டு. கம்போடியா, 1973. நிக்சன் அங்கே 1969 மார்ச்சிலிருந்து ரகசியமாகக் குண்டு போட்டவர், பி-52 விமானங்களின் இலக்கைப் பதிவேட்டில் தென்வியட்நாம் என்று மாற்றி எழுதவைத்தவர். வியட்நாம் போரை முடிக்கப் போட்ட பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகும் குண்டுவீச்சு நிற்கவில்லை. 1973 ஜூனில் காங்கிரஸ் பணத்தை வெட்டியது, நிக்சன் வீட்டோ செய்தார். உடனே, அரசு நடக்கத் தேவையான மற்ற நிதி மசோதாக்களிலும் இதே வரியைச் சேர்ப்போம் என்று கிளம்பினார்கள். ஜூலை 1 முதல் அரசிடம் செலவுக்குப் பணமிருக்காது என்ற நிலை. நிக்சன் சிக்கியிருந்த வாட்டர்கேட் ஊழல் விசாரணை வேறு தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. நிக்சன் இறங்கிவந்து ஆகஸ்ட் 15 வரை அவகாசம் வாங்கினார். ஆகஸ்ட் 15 அன்று குண்டுவீச்சு நின்றது. மூன்றில் இரண்டு பங்கு இல்லாமலேயே நடந்தது, கோட்டைமேடு தம்பி கவனிக்கவும்.

கோட்டைமேடு எழுதியது:

கவனித்தேன் ஐயா. அந்த ஆகஸ்டில் தென்கிழக்காசியாவில் அமெரிக்கப் போர்ப்படை தரையில் இருந்ததா? வியட்நாமிலிருந்து கடைசிப் படைப்பிரிவு மார்ச் 29-லேயே கிளம்பிவிட்டது. 1966-லோ 1968-லோ, லட்சக்கணக்கான பையன்கள் காட்டுக்குள் இருந்தபோது இதே வரியை எழுத ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லையே. அப்போது எழுதியிருந்தால் மறுநாள் பத்திரிகையில் "வீரர்களின் தோட்டாவை நிறுத்தினார்" என்று வந்திருக்கும்.

எட்டயபுரத்தான் எழுதியது:

வந்திருக்கும்தான். அதனால்தான் 1965 மே மாதத்தை அத்தனை நீளமாக எழுதினேன். அப்போது அங்கே சுமார் ஐம்பதாயிரம் பேர்தான் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. சொன்னவர்கள் இரு சபையிலும் சேர்த்துப் பத்துப் பேர்.